நிமிர்ந்து நிற்க எத்தனை அடி வேணும்?

வண்டில், மிசின் பெட்டி, தறப்பாள், வான்: வன்னியின் உயரக் கணக்கு

பழைய வான் ஒன்றை வாங்கி, சீற்றுகளைக் கழட்டி, கட்டிலும் அடுப்பும் பூட்டி வீடாக்குகிற வீடியோக்களை எங்கள் வயதுக்காரர் கனக்கப் பார்க்கிறோம். கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கிற மச்சான்மாரும் மச்சாள்மாரும் வட்சப்பில் அனுப்புகிறார்கள். இலங்கையிலும் இப்போது உல்லாசப் பயணிகளுக்கு இப்படியான வண்டிகள் வாடகைக்கு ஓடுகின்றன. கிளிநொச்சியில் எங்களுக்குள்ளும் கதை வந்துவிட்டது. ஒரு டொல்பின் வானை எடுத்து நாங்களும் செய்து பார்த்தால் என்ன? கதை எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில் வந்துதான் முட்டுகிறது. உள்ளுக்க நிமிர்ந்து நிக்கலாமோ?

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க இரண்டு கட்சி இருக்கிறது. "வானுக்குள்ள படுக்கத்தானே போறம், நிக்கிறதுக்கு வெளியில நிலம் இருக்கு" என்பது ஒரு கட்சி. "குனிஞ்சு குனிஞ்சு ஒரு கிழமை இருந்து பார், பிறகு கதை" என்பது மற்றக் கட்சி. இரண்டு கட்சியும் அங்குலக் கணக்கில் சண்டை பிடிக்கின்றன.

எங்களுக்கு இது புதுச் சண்டை இல்லை. போற வழியில் தங்கும் இடத்துக்கு எவ்வளவு உயரம் வேணும் என்று வன்னிச் சனம் நூறு வருசத்துக்கு மேலாக முடிவெடுத்து வந்திருக்கிறது. சில வேளை திருவிழாவுக்காக, சில வேளை வேளாண்மைக்காக, பல வேளை உயிர் தப்புவதற்காக. அந்த முடிவுகளை ஒரு வரிசையில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. வானுக்கான விடையும் அதற்குள் கிடைக்கும் என்று நினைக்கிறோம்.

படுத்துக்கொண்டு போன காலம்

1905 சனவரியில் லெனார்ட் வூல்ஃப் என்ற இளம் வெள்ளைக்கார உத்தியோகத்தர் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலைக்குச் சேர வந்தார். பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவராக அறியப்பட்டவர். வடக்குக்கான ரயில்பாதை முழுதாகத் திறக்கப்பட்டது அதே வருசம் ஓகஸ்ட்டில்தான். ஆகவே அனுராதபுரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வன்னிக் காட்டுக்குள்ளால் 'மெயில் கோச்'சில் வர வேண்டியிருந்தது. பெயர்தான் பெரிய பெயர். பார்த்தால் ஒரு பெரிய மாட்டு வண்டில். அடியில் தபால் மூட்டைகள், மூட்டைகளுக்கு மேலே பயணிகள். இதை அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்த வண்டிலுக்குள் நிற்பது என்ற பேச்சே இல்லை. யாரும் கேட்கவுமில்லை. எங்கள் ஊர்க் கூடார வண்டிலும் அப்படித்தான். கம்பை வளைத்து, மேலே கிடுகோ பாயோ போட்டு, உள்ளே வைக்கோல் பரப்பினால் சரி. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் மடு மாதா திருவிழாவுக்கும் குடும்பம் குடும்பமாக அதில்தான் போனார்கள். வண்டிலுக்குள் பிள்ளைகளும் கிழவிகளும் படுப்பார்கள். மற்ற ஆட்கள் வண்டிலுக்குக் கீழே பாய் விரிப்பார்கள். சமையல் மரத்தடியில்.

கூடாரம் ஏன் பதிவு? காட்டுப் பாதையில் கொப்பு முட்டும். உயரம் கூடினால் பள்ளத்தில் வண்டில் சரியும். மாட்டுக்கும் பாரம். இந்த மூன்று காரணமும் இன்றைக்கு வானுக்கும் அப்படியே பொருந்துகின்றன. மாட்டுக்குப் பதிலாக டீசல் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

வயல் காவலும் இதே சங்கதிதான். பன்றியும் யானையும் வராமல் பார்க்க இரவில் பரணில் இருப்பவர் நிற்கத் தேவையில்லை. இருந்தால் போதும், கண்ணயர்ந்தால் படுக்க இடம் இருந்தால் போதும். விடிய இறங்கி வீட்டுக்குப் போகலாம்.

ஆக, முதலாவது கட்சி சொல்வது முழுப் பிழை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. திரும்பிப் போக வீடு இருக்க வேண்டும். வெளியில் நிற்க நிலம் இருக்க வேண்டும். அந்த நிலத்தில் நிற்பதற்குப் பயமும் இருக்கக் கூடாது.

முகட்டுக்குக் கீழே ஒரு கோடு

வீடு என்று வந்தால் கணக்கு மாறும். வன்னியில் பழைய கொட்டிலின் தாழ்வாரம் நன்றாகப் பதிந்திருக்கும். குனிஞ்சுதான் உள்ளே போக வேணும். சோளகக் காற்று மாசக் கணக்கில் அடிக்கிற ஊர் இது. மாரியில் வாடைக்காற்றோடு மழை சரிவாக அடிக்கும். தாழ்வாரம் உயர்ந்தால் மண்சுவர் கரைந்துவிடும், காற்றுக் கிடுகைக் கிளப்பிவிடும். அதனால் ஓரம் பதிவு. ஆனால் நடுவில் முகட்டு வளைக்குக் கீழே ஆள் நிமிர்ந்து நிற்கலாம், கையையும் உயர்த்தலாம்.

இதே யோசனையை வேறு இடங்களிலும் காணலாம். ஐரோப்பாவில் றோமா மக்கள் குதிரை பூட்டிய வண்டிகளில் வாழ்ந்தார்கள். அந்த வண்டிகளில் ஒரு வகைக்குக் கூரையின் நடுப்பகுதியை மட்டும் ஒரு பெட்டி போல உயர்த்தி, பக்கங்களில் சின்ன யன்னல்கள் வைப்பார்கள். நடுவில் நிற்கவும் இடம், வெளிச்சத்துக்கும் வழி. முழுக் கூரையையும் உயர்த்தவில்லை. நிற்கிற கோட்டை மட்டும் உயர்த்தினார்கள்.

எங்கள் கொட்டிலுக்கும் அவர்கள் வண்டிக்கும் ஒருவருக்கொருவர் தெரியாது. இரண்டும் ஒரே விடைக்கு வந்தன. உயரம் எல்லா இடத்திலும் தேவையில்லை. தேவையான இடத்தில் கட்டாயம் தேவை.

மிசின் பெட்டி

வன்னியின் உண்மையான 'வான் வீடு' எது என்று கேட்டால், உழவு மிசின் பெட்டிதான். நெல்லும் உரமும் ஏற்றுகிற அதே பெட்டி.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனம் வெளிக்கிட்டது. அதில் ஒரு பகுதி கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்குள் வந்தது. வந்த ஒரு வருசத்துக்குள் 1996 யூலைக் கடைசியில் 'சத்ஜய' நடவடிக்கை தொடங்கியது. செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது. அக்கராயன், மல்லாவி, துணுக்காய், புதுக்குடியிருப்பு என்று சனம் திரும்பவும் வண்டி கட்டியது. 2007, 2008-இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து அடுத்த சுற்று வெளிக்கிட்டது. 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. எந்தத் திருவிழாவுக்குக் கூடாரம் கட்டிப் போனார்களோ, அந்தத் திருவிழாவின் தாயும் அகதியானாள். பிறகு கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். இந்த ஊர்ப் பெயர்களை இதே வரிசையில் சொல்லாத வீடு கிளிநொச்சியில் குறைவு.

பெட்டிக்குள் என்ன போனது என்று பெரிய ஆட்களைக் கேட்டால் பட்டியல் நீளும். நெல் மூட்டை, சட்டி பானை, சைக்கிள், தையல் மிசின், சாமிப்படம், பிள்ளைகளின் கொப்பிகள். கூரைத் தகரமும் ஓடும் கதவு நிலையும் கழட்டி ஏற்றியவர்கள் கனபேர். அதைக் கவனிக்க வேணும். வீட்டின் நிலத்தைக் கொண்டுபோக முடியாது, உயரத்தைக் கொண்டுபோகலாம் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். போகிற இடத்தில் கப்பு நட்டு, அதே கூரையை அதே உயரத்தில் தூக்கலாம் என்று.

முதல் ஒன்றிரண்டு இடங்களில் தூக்கவும் செய்தார்கள். பிறகு கழட்டி ஏற்ற நேரம் கிடைக்கவில்லை. தகரம் போனது, நிலை போனது. கடைசியில் மிஞ்சியது தறப்பாளும் பெட்டியும். பெட்டிக்கு மேல் கம்பு நட்டுத் தறப்பாள் போட்டால் மேலே பிள்ளைகள். பெட்டிக்குக் கீழே, நிலத்துக்கும் பலகைக்கும் இடையில் மூன்றடி அளவு. அதில் பெரிய ஆட்கள். லாண்ட்மாஸ்டர் பெட்டி என்றால் அதைவிடவும் குறைவு. மழைக்கும் வெயிலுக்கும் அந்த மூன்றடிதான் வீடு.

தறப்பாளின் கணக்கு

இனிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கொப்பியும் பென்சிலும் போதும்.

ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுக்கிற தறப்பாள் நான்கு மீற்றர் அகலம், ஐந்து மீற்றர் நீளம். அடியில் சொன்னால் 13-க்கு 16½. இதை ஒரு முகட்டுக் கம்பின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் நிலம் முட்டச் சரித்துக் கட்டுகிறோம் என்று வைப்போம். ஒவ்வொரு பக்கச் சரிவும் இரண்டரை மீற்றர்.

முகட்டை இரண்டு மீற்றர் (ஆறரை அடி) உயரத்தில் வைத்தால், கீழே நிலத்தின் அகலம் மூன்று மீற்றர் வரும். நாலு மீற்றர் நீளத்தால் பெருக்கினால் 12 சதுர மீற்றர். முகட்டை ஒன்றரை மீற்றருக்கு (ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைய) இறக்கினால் அகலம் நாலு மீற்றராகும். நிலம் 16 சதுர மீற்றர். பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் தேற்றம்தான், வேறொன்றுமில்லை.

இடர்காலத் தங்குமிடங்களுக்கு உலகம் முழுவதும் பாவிக்கிற 'ஸ்பியர்' என்ற அளவுகோல் கைநூல் ஒன்று உண்டு. ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு, அகதி முகாம்களில் நடந்த குளறுபடிகளைப் பார்த்து உதவி நிறுவனங்கள் 1997-இல் தொடங்கிய முயற்சி அது. அதன்படி ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் வேணும். அப்படிப் பார்த்தால் உயர்ந்த கொட்டிலில் மூன்று பேர், பதிந்த கொட்டிலில் நாலு பேர்.

இலங்கைப் பெண்களின் சராசரி உயரம் சுமார் ஐந்தடி ஒரு அங்குலம். ஆண்களுடையது சுமார் ஐந்தடி ஐந்து. இரண்டு மீற்றர் முகட்டின் கீழ் அப்படி ஒரு பெண் தலை முட்டாமல் நிற்கக்கூடிய கீற்றின் அகலம் இரண்டடி சொச்சம் மட்டுமே. ஒன்றரை மீற்றர் முகட்டின் கீழ் அந்தக் கீற்றே இல்லை.

இப்ப யோசியுங்கோ. ஒரே ஒரு தறப்பாள். வீட்டில் ஐந்து பேர். முகட்டை எங்கே கட்டுவீங்கள்? உயர்த்தினால் அம்மா நிமிரலாம், ஒரு பிள்ளை மழையில் படுக்கும். பதித்தால் எல்லாரும் படுக்கலாம், அம்மா நாள் முழுக்கக் குனிஞ்சு திரிவா. காற்றும் பதிக்கச் சொல்லும். 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் வடக்கில் அடித்தபோது உயர்த்திக் கட்டிய தறப்பாள் எது நின்றிருக்கும்? அதற்கு இரண்டு மாதம் முன், செப்டெம்பரில், ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியிருந்தன. இரண்டாவது தறப்பாளை யாரிடம் போய்க் கேட்பது?

எங்களில் பலர் அப்போது எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். எங்களைக் கேட்டால் தறப்பாள் கொட்டில் பதிவு என்று சொல்ல மாட்டோம். எங்களுக்கு அது உயரமாகத்தான் இருந்தது. அதற்குள் நாங்கள் துள்ளியும் விளையாடினோம். உயரம் போதாமல் போனது எங்களுக்கில்லை, அம்மாக்களுக்குத்தான். அந்த முகட்டை அந்த உயரத்தில் கட்ட முடிவெடுத்ததும் பல வீடுகளில் அவர்கள்தான். ஒரே கொட்டிலின் இரண்டு உயரங்கள் இவை. வரலாற்றை எழுதுகிறவர் எந்தத் தலையிலிருந்து அளக்கிறார் என்பது முக்கியம்.

பங்கரில் கணக்கு இன்னும் கொடூரம். அங்கே உயரம் என்றால் ஆபத்து. மரக்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, இருக்கிற அளவுக்கு மட்டும் வெட்டுவார்கள். நிமிர்ந்தால் செல் சிதறல் படும். மாத்தளன் கரையில் அதுவும் சரிவரவில்லை. கடற்கரை மணல் சரியும், கொஞ்சம் தோண்டினால் தண்ணி வரும். கீழே போக முடியாததால் மேலே மூட்டை அடுக்க வேண்டி வந்தது. மூட்டைக்குத் துணி இல்லாமல் சேலைகளைத் தைத்து மண் நிரப்பினார்கள். கலியாணக் கூறையும் அதில் போனது. நிற்கிற உயரம் பூச்சியத்துக்கு இறங்கிய இடம் அது.

உச்சப் புள்ளி

2009-இல் சனம் செட்டிகுளம் மெனிக் பாமுக்குள் வந்தது. உச்சக்கட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். முகாம் பகுதிகளுக்குக் கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரிய தமிழ்ப் பெயர்கள். அதற்குள் வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள்.

ஐ.நா. அகதிகள் அமைப்பின் வழக்கமான குடும்பக் கூடாரத்தின் நடு உயரம் 2.2 மீற்றர். ஏழடிக்குக் கிட்ட. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கென்று வடிவமைத்தது. தாளில் பார்த்தால் நல்ல உயரம். ஆனால் முகாமில் ஒரு கூடாரத்துக்குள் இரண்டு மூன்று குடும்பம் இருக்க நேர்ந்தபோது அந்த நடுக்கோட்டை யார் பாவிப்பது? நடுவில் படுத்திருப்பவரைத் தாண்டித்தான் நிமிர முடியும். உடுப்பு மாற்றுவதற்குப் பெண்கள் ஒருவருக்கொருவர் சேலை பிடித்து மறைத்தார்கள். மாற்றினதும் ஓரத்தில், குனிஞ்சபடி. ஓகஸ்ட் மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்தபோது படுக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஸ்பியர் கைநூலின் 2018 பதிப்பு உயரத்துக்கும் ஒரு அளவு சொல்கிறது. தரையிலிருந்து கூரைக்குக் குறைந்தது இரண்டு மீற்றர், வெக்கை நாடுகளில் 2.6 மீற்றர். கூடவே ஒரு சின்னச் சொற்றொடர் உண்டு: மிக உயர்ந்த இடத்தில். நிலத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிற அளவுகோல், உயரத்தை மட்டும் ஒரே ஒரு உச்சப் புள்ளியில் அளக்கிறது. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் விளங்கும், முகட்டில் இரண்டு மீற்றர் இருந்தும் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது இரண்டடிக் கீற்று. உச்சப் புள்ளி என்பது வீட்டின் உயரம் இல்லை.

வெக்கை நாட்டுக்கு ஏன் 2.6? உயரம் தலைக்கு மட்டும் இல்லை, மூச்சுக்கும் வேணும். சூடான காற்று மேலே போய்த் தங்க இடம் வேணும். கூரை தலைக்குக் கிட்ட இருந்தால் அதன் வெக்கை நேரே உச்சந்தலையில் இறங்கும். இந்தியாவின் தேசிய கட்டட விதிக்கோவை வாழும் அறைக்குக் குறைந்தது 2.75 மீற்றர் என்று சொல்வதன் பின்னாலும் இந்தக் காரணம் இருக்கிறது.

உயரத்துக்கு உலகப் பொது அளவு ஒன்றைக் கண்டுபிடிக்க முயன்றவர்களில் பெரிய பெயர் லு கோர்பூசியே. சண்டிகார் நகரை வடிவமைத்தவர். மனித உடம்பிலிருந்து எல்லா அளவையும் எடுக்கலாம் என்று 'மொடுலோர்' என்ற முறையை அவர் கொண்டுவந்தார். முதலில் 1.75 மீற்றர் உயரமான பிரெஞ்சுக்காரரை வைத்துக் கணக்குப் போட்டார். பிறகு ஆறடி ஆங்கிலேயருக்கு மாற்றினார். காரணம், ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் அழகான ஆட்கள் எப்பவும் ஆறடிதானாம். அந்த ஆறடி ஆள் கையை உயர்த்தினால் 2.26 மீற்றர். தனக்கென்று பிரான்சின் கடற்கரையில் 1950-களின் தொடக்கத்தில் கட்டிய குட்டி மரவீட்டின் கூரையையும் அதே 2.26-இல் வைத்தார். நிலம் 3.66-க்கு 3.66 மீற்றர்தான்.

ஆறடித் துப்பறிவாளரை விட்டுவிட்டாலும் அவர் பிடித்த ஒரு விசயம் சரி. நிற்கிற உயரம் தலையோடு முடிவதில்லை, உயர்த்திய கையோடுதான் முடிகிறது. சட்டை கழட்ட, தலை பின்ன, கொடியில் துணி போட, பிள்ளையைத் தூக்கித் தோளில் வைக்க, எல்லாவற்றுக்கும் கை மேலே போக வேணும்.

இரண்டு வரி கல்

மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு முதலில் கிடைத்தவை தகரமும் தறப்பாளும் கொஞ்சச் சீமெந்தும் 25,000 ரூபாய் உதவிப் பணமும். தகரக் கொட்டிலில் உயரம் கொஞ்சம் வந்தது, கூடவே வெக்கையும் வந்தது. பங்குனி, சித்திரை மத்தியானத்தில் பதிந்த தகரத்தின் கீழ் யாரும் இருக்க மாட்டார்கள். மரத்தடிக்குத்தான் வருவார்கள்.

பிறகு இந்திய வீட்டுத்திட்டம். ஐம்பதாயிரம் வீடுகள், அதில் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், குறைந்தது 550 சதுர அடி. இங்கேயும் தாளில் முன்னுக்கு நிற்கிறது நிலத்தின் அளவுதான். ஆனால் ஒரு நல்ல விசயம் நடந்தது. பெரும்பாலான வீடுகளைச் சொந்தக்காரர்களே மேசனை வைத்துக் கட்டினார்கள். ஆகவே உயரத்தை முடிவெடுக்க இடம் இருந்தது. "இன்னும் ரெண்டு வரி ஏத்துங்கோ" என்று மேசனிடம் சொல்லும் குரல் எங்கள் ஊரில் அந்த வருசங்களில் கேட்ட குரல். இரண்டு வரி கல்லுக்குச் சீமெந்து வேணும், கூலி வேணும், பலர் கடன் பட்டார்கள். கொட்டிலில் இருந்தவருக்கு அந்த இரண்டு வரி ஆடம்பரமாகத் தெரியவில்லை.

2016-இல் அரசாங்கம் 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவரப் பார்த்தபோது வடக்கில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஒரு வீட்டுக்கு 21 லட்சம் அளவு என்ற விலை ஒரு காரணம். வெக்கையும் எங்கள் காலநிலைக்குப் பொருந்தாத பொருளும் இன்னொரு காரணம். எங்களுக்குப் படுகிற மூன்றாவது காரணம்: அந்த வீட்டில் "ரெண்டு வரி ஏத்துங்கோ" என்று சொல்ல ஒருவருக்கும் இடமில்லை. தொழிற்சாலையில் முடிவான உயரம் அது.

அப்ப வானுக்கு?

இப்போது வானுக்கு வருவோம். 1951-இலிருந்து ஜேர்மனியின் வெஸ்ற்பாலியா நிறுவனம் போக்ஸ்வாகன் வான்களைத் தங்கும் வண்டியாக மாற்றத் தொடங்கியது. அந்த வானுக்குள் ஐந்தடி வராது. நிமிர முடியாது. அதற்கு வந்த விடைதான் தூக்குக் கூரை. இங்கிலாந்தின் டோர்மோபைல் வண்டிகளில் கூரை ஒரு பக்கமாகத் திறக்கும், சுற்றிவரக் கோடு போட்ட துணி. ஓடும்போது பதிவு, நிறுத்தினால் உயரம். கூடார வண்டிலும் கொட்டிலும் ஒரே வண்டியில் சேர்ந்த மாதிரி. மழைக்கும் களவுக்கும் துணிச்சுவர் தாங்காது என்பது அதன் குறை.

எங்கள் ஊரில் கிடைக்கிற உயர்கூரை ஹையேஸ் வான்களின் உள்ளுயரம் வகைக்கு வகை மாறும். ஐந்தடி மூன்று அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் பலகையும் மெத்தென்ற அடுக்கும் ஒன்றரை அங்குலம் தின்னும். மேலே வெக்கைக்குத் தடுப்பும் உட்கூரையும் இன்னொரு ஒன்றரை. மிஞ்சுவது ஐந்தடி. இந்தத் தடுப்பை விடவும் ஏலாது, கிளிநொச்சி வெயிலில் தகரக் கூரை என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. றோசா, கோஸ்ரர் மாதிரியான மினிபஸ் என்றால் பெரும்பாலானோர் நிமிரலாம், விலையும் டீசலும் கூட.

உயரத்தைக் கூட்டினால் காற்றையும் யோசிக்க வேணும். பளையில் காற்றாலைகளை எங்கே நட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆனையிறவுப் பாதையிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் சோளகத்துக்கு உயர்ந்த வண்டி எப்படி ஆடும் என்று மினிபஸ் ஓட்டுகிற அண்ணைமாரைக் கேட்டால் சொல்வார்கள். கூரையை வெட்டி உயர்த்துவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அனுமதியும் வேணும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, அளவுநாடாவை எடுக்க முதல் கேட்க வேண்டிய கேள்விகள் எங்களுக்கு இவைதான்.

எத்தனை இரவு? ஒன்றிரண்டு இரவுக்குப் போய்த் திரும்புவதென்றால் கூடார வண்டில் போதும். கட்டிலில் இருந்தால் தலை முட்டாத உயரம், மெத்தைக்கு மேலே மூன்றடி, கட்டாயம். மற்றதற்கு வெளியில் நிலம் இருக்கிறது.

வெளியில் நிற்க முடியுமா? மழைக்காலத்தில் போவதென்றால், பொம்பிளைப் பிள்ளைகள் போவதென்றால், உடுப்பு மாற்ற வெளியில் இடம் இருக்கும் என்று எண்ணி வான் செய்யாதீர்கள். உள்ளே ஒரு இடத்திலாவது நிமிர வேணும்.

எந்த இடத்தில் உயரம்? முழு வானுக்கும் தேவையில்லை. கதவடி, அடுப்படி. இரண்டடிக்கு மூன்றடி ஒரு துண்டு. கூரையில் ஒரு தூக்கு மூடி வைத்தாலும் அந்தத் துண்டுக்கு நேரே மேலே வையுங்கள், கட்டிலுக்கு மேலே வைத்துப் பிரயோசனம் இல்லை.

யாருடைய உயரம்? வீடியோக்களில் எப்பவும் உயரமான ஆளைத்தான் நிற்கவைத்து அளக்கிறார்கள். அது அரைவாசி சரி. மற்ற அரைவாசி, அதிக நேரம் நிற்கப்போகிறவர் யார் என்பது. சமைக்கிறவர், பிள்ளையைத் தூக்குகிறவர். அவர் செருப்போடு நின்று, தலைக்கு மேல் மூன்று அங்குலம் விட்டு அளக்க வேணும். அந்த ஒரு துண்டில் அவர் கையை உயர்த்தவும் முடிந்தால் இன்னும் நல்லது. சமைக்கிறவர் ஏன் எப்பவும் ஒரே ஆளாக இருக்க வேணும் என்று கேட்டால், அதுவும் நல்ல கேள்விதான். வான் செய்ய முதல் அதையும் பேசி முடியுங்கள்.

எங்களுக்குத் தெரிந்து கனடா மச்சானின் வானுக்கும் எங்கள் தறப்பாளுக்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை. நிலம், உயரம், காற்று, வெக்கை, செலவு, எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம், அவர் முடிவெடுக்கிறார். குனிஞ்சு இருப்பது சரிவராவிட்டால் அடுத்த மாதம் கூரையை மாற்றுவார், இல்லாவிட்டால் விற்றுப்போட்டு வீட்டுக்குப் போவார். விரும்பிக் குனிவதும் குனிய வைக்கப்படுவதும் ஒரே அங்குலத்தில் நடக்கலாம், ஆனால் ஒன்றில்லை. இதற்காக வான் ஆசையை விடச் சொல்லவில்லை. எங்கள் சனத்துக்கும் விருப்பத்தோடு கூரை கட்டிப் பயணம் போகிற பழக்கம் வண்டில் காலத்திலிருந்து இருந்தது. அதைத் திரும்ப எடுப்பதில் ஒரு பிழையும் இல்லை.

கடைசியாக ஒரு வேலை. இடம்பெயர்வு பற்றிய அறிக்கைகளில் எத்தனை குடும்பம், எத்தனை கூடாரம், ஆளுக்கு எத்தனை சதுர மீற்றர் என்றெல்லாம் இருக்கும். ஒவ்வொரு வீட்டின் முகடும் எந்த உயரத்தில் இருந்தது, ஏன் அந்த உயரத்தில் கட்டினார்கள் என்பது ஆட்களின் கழுத்திலும் நாரியிலும்தான் பதிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள். "தருமபுரத்துக் கொட்டிலுக்க நீங்கள் நிமிர்ந்து நிண்டனீங்களோ? முகடு எங்க முட்டினது?" கையைத் தூக்கிக் காட்டுவார்கள். அதை அளந்து, ஊரும் வருசமும் போட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம். ஊரும் வருசமும் உயரமும் போதும்.